புரதம் போட்ட புள்ளிகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கந்தகம் மணக்கும் அமில ஊற்றுகள் உண்டு. கை வைத்தால் தோல் வெந்துவிடும் சூடு. அந்த நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரைத் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்து, 1972இல் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். 75 டிகிரி செல்சியஸுக்கு மேல், எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான அமிலத்தில் அது செழித்து வளர்கிறது. ஆர்க்கியா என்ற தொன்மையான உயிர்ப்பிரிவைச் சேர்ந்தது. பாக்டீரியாவுக்கு இருக்கும் கெட்டியான செல்சுவர் இதற்குக் கிடையாது. செல்சவ்வுக்கு வெளியே அதைக் காப்பது புரதத்தால் ஆன ஓர் உறை மட்டுமே.

அந்த உறையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. ஒரே மாதிரியான புரத அலகுகள், 22 நானோமீட்டர் இடைவெளியில், வரிசை பிசகாமல் செல் முழுவதையும் மூடியிருந்தன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

எஸ் அடுக்கு என்று அழைக்கப்படும் இந்தப் படிக உறை சல்ஃபோலோபஸுக்கு மட்டும் உரியதல்ல. 1953இலேயே ஹவ்விங்க் என்ற டச்சு அறிவியலாளர் ஒரு பாக்டீரியாவின் சுவரில் இத்தகைய ஒழுங்கைக் கண்டு எழுதியிருந்தார். பிறகு நூற்றுக்கணக்கான இனங்களில் அது தென்பட்டது. சிலவற்றில் சதுர அமைப்பு, சிலவற்றில் அறுகோணம், சிலவற்றில் சாய்சதுரம். அலகுகளின் இடைவெளி இனத்துக்கு இனம் 3 முதல் 30 நானோமீட்டர் வரை மாறும். ஒரே இனத்துக்குள் மாறாது. ஒரு பாக்டீரியாவின் உடலை மூட ஏறத்தாழ ஐந்து லட்சம் புரத மூலக்கூறுகள் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் பாக்டீரியா, தன் மேனி எங்கும் கிழியாமல் இருக்க, நொடிக்கு 400க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் செய்து வெளியே அனுப்பியாக வேண்டும். அவை ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்காருகின்றன.

இந்த உறையை உயிரியலின் விந்தை என்று வியந்ததோடு நிற்காமல், இதைக் கருவியாகப் பயன்படுத்தலாமே என்று 1980களில் கென்னத் டக்ளஸும் நோயல் கிளார்க்கும் யோசித்தார்கள். இருவரும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்து இயற்பியலாளர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் ராத்ஸ்சைல்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அவர்களின் கேள்வியைப் புரிந்துகொள்ள, சிப் செய்யும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிக்கான் தகட்டில் நுண்ணிய வடிவங்களைப் பொறிக்க ஒரு மறைப்பு தேவை. வாசலில் துளையிட்ட கோல அச்சை வைத்து மாவைத் தூவினால் துளை இருக்கும் இடத்தில் மட்டும் மாவு விழுகிறது. மறைப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. மாவுக்குப் பதில் ஒளி, அல்லது அயனி, அல்லது அரிக்கும் வாயு. ஒளியைக் கொண்டு பொறிக்கும்போது அதன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய வடிவங்கள் மங்கிக் கலைந்துவிடும். எலெக்ட்ரான் கற்றையால் இன்னும் நுட்பமாக வரையலாம். ஆனால் அது ஒவ்வொரு புள்ளியாகத்தான் வரையும். சல்ஃபோலோபஸின் உறையில் இருக்கும் நெருக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரைப் புள்ளிகளால் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 24,000 கோடி புள்ளிகள் வரும். ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரோ நொடி என்று கணக்கிட்டாலும் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நுண்ணுயிரின் புரதமோ எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமயத்தில் வைத்து முடித்துவிடுகிறது.

ஆக, கோல அச்சை உயிரிடமிருந்தே வாங்கிக்கொண்டால் என்ன?

டக்ளஸ் குழுவினர் சல்ஃபோலோபஸின் உறையைப் பிரித்தெடுத்தார்கள். கொதிக்கும் அமிலத்தையே தாங்கும் உறை என்பதால், செல்லின் மற்றப் பகுதிகளைக் கரைத்தகற்றும் சோப்புக் கரைசலிலும் அது குலையவில்லை. அதை ஒரு சமமான பரப்பில் விரித்து, அதன்மேல் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு உலோகத்தைப் படியவைத்தார்கள். பிறகு அயனிக் கற்றையால் அரித்தார்கள். புரதத்தின் மேடுபள்ளங்கள் உலோகப் படலத்தில் துளைகளாகத் திறந்துகொண்டன. 15 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள், 22 நானோமீட்டர் இடைவெளியில், வரிசை வரிசையாக. முடிவுகள் 1986இல் வெளியாயின. 1992இல் இதே முறையை வளர்த்தெடுத்து, புரதத்தின் வடிவத்தை அடியில் இருக்கும் வழவழப்பான பரப்புக்கே மாற்றிக் காட்டினார்கள். உயிருள்ள ஒன்றின் ஒழுங்கு, அந்த உயிர் போன பின்னும், புரதமே இல்லாமல் போன பின்னும், வேறொரு திடப்பொருளில் பதிந்து நின்றது.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். ஒரு புரதம் ஒரு மரபணுவின் வரிசையிலிருந்து உருவாகிறது. ஒரே மரபணுவிலிருந்து வரும் லட்சக்கணக்கான மூலக்கூறுகளும் ஏறக்குறைய அணுவுக்கு அணு ஒன்றே. அவற்றின் விளிம்புகளில் மின்னேற்றமும் நீர்விலக்கும் பகுதிகளும் எங்கெங்கே அமைய வேண்டுமோ அங்கங்கே அமைந்திருக்கின்றன. அதனால் ஒன்று இன்னொன்றோடு ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். கட்டுமானக் குறிப்பு முழுவதும் உறுப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. 1955இல் பெர்க்லியில் ஃப்ரேங்கல்-கான்ராட்டும் ராப்லி வில்லியம்ஸும் புகையிலைத் தேமல் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து, மீண்டும் ஒன்றாகக் கலந்தார்கள். சோதனைக் குழாயிலேயே முழு வைரஸ்கள் உருவாயின. இலையில் தடவியபோது நோயும் வந்தது. பொருள் தானாகவே கூடிக் கட்டமைந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடத் தேவையில்லை.

எஸ் அடுக்கும் அப்படித்தான் கலைந்து கூடும். வியன்னாவில் ஊவே ஸ்லைட்டர் தலைமையில் இயங்கிய குழு இதற்காகப் பல பத்தாண்டுகளைக் கொடுத்தது. உறையை வேதிப்பொருள் கொண்டு தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைப்பார்கள். அந்த வேதிப்பொருளை நீக்கி, தேவையான கால்சியத்தைச் சேர்த்து, சிலிக்கான் தகட்டின்மேல் கரைசலை ஊற்றுவார்கள். பாக்டீரியா எதுவும் இல்லாத அந்தத் தகட்டில் மூலக்கூறுகள் மீண்டும் அணிவகுக்கும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதம் 13.1 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களை அமைத்தது. பிரிட்டனின் ஸ்டீஃபன் மானோடு இணைந்து, எஸ் அடுக்குகளின் துளைகளுக்குள் காட்மியம் சல்ஃபைடு என்ற குறைகடத்தியின் துகள்களை வளர்த்து 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களும் பின்னர் அதேபோல வரிசையில் நின்றன. இங்கே புரதம் வெறும் மறைப்பாக இல்லை. எந்த இடத்தில் துகள் பிறக்க வேண்டும் என்று சொல்லும் வார்ப்புருவாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு கைகூடியும் இன்று யாருடைய கைப்பேசியிலும் எஸ் அடுக்கில் வார்த்த சிப் கிடையாது. ஏன்?

கரைசலிலிருந்து படியும் புரதம் தகட்டில் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. பல இடங்களில் ஒரே நேரத்தில் படிகம் முளைக்கும். ஒவ்வொன்றும் தன் போக்கில் திரும்பி நிற்கும். வளர்ந்து ஒன்றையொன்று தொடும்போது வரிசைகள் பொருந்தாது. சில மைக்ரோமீட்டர் தூரத்துக்குக் குறையற்ற ஒழுங்கு. அதன்பின் ஒரு தையல், அந்தப் பக்கம் வேறு திசையில் இன்னொரு ஒழுங்கு. டிரான்சிஸ்டரை இணைக்கும் பொறியாளருக்கு ஒழுங்கு மட்டும் போதாது, முகவரியும் வேண்டும். ஏழாவது வரிசையின் நாற்பதாவது புள்ளி எங்கே இருக்கிறது என்று தகட்டின் ஓரத்திலிருந்து அளந்து சொல்ல முடிய வேண்டும். உயிருக்கு அந்தத் தேவை எழுந்ததே இல்லை. பாக்டீரியாவின் உடலை மூடினால் போதும். எந்த மூலக்கூறு எங்கே உட்கார்ந்தது என்று அது கவலைப்படுவதில்லை. இந்தத் துறையின் நாற்பதாண்டு வரலாற்றை ஒரே கேள்வியின் வரலாறாகப் படிக்கலாம்: சிறிய அளவில் உயிர் தரும் துல்லியத்துக்குப் பெரிய அளவில் முகவரி கொடுப்பது எப்படி?

எல்லோரும் படிகங்களை நாடவில்லை. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒரு குழு சிள்வண்டின் இறகையே முத்திரையாக எடுத்துக்கொண்டது. அந்த இறகின் மேற்பரப்பில் நுண்தூண்கள் அடர்த்தியாக நிற்கின்றன. சூடாக்கிய பாலிமர் படலத்தில் இறகை அழுத்தி எடுத்தால், தூண் இருந்த இடமெல்லாம் குழியாகிவிடும். இறகின் மெழுகுப் பூச்சால் பாலிமர் அதில் ஒட்டுவதும் இல்லை. அதே ஆண்டில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலச் செதில்கள்மீது அலுமினியம் ஆக்சைடை அணு அடுக்குகளாகப் பூசி, பின் செதிலை எரித்து நீக்கி, அதன் வடிவத்தை மட்டும் பீங்கானாக மீட்டெடுத்தார்கள். அழகான வேலைகள். ஆனால் இவை உயிர் முன்பே முடித்துவைத்த பரப்பின் பிரதிகள். விரும்பியபடி மாற்றி அமைக்க அதிக இடமில்லை.

மாற்றி அமைக்கக்கூடிய உறுப்பு என்று பார்த்தால் ஃபெரிட்டின் முக்கியமானது. நம் உடலில் இரும்பைப் பத்திரப்படுத்தும் புரதம் அது. 24 துணை அலகுகள் சேர்ந்து 12 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கூட்டைக் கட்டுகின்றன. உள்ளே 8 நானோமீட்டர் வெற்றிடம். அதில் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடங்கும். ஆய்வகங்களில் பெரும்பாலும் குதிரையின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஃபெரிட்டினைப் பயன்படுத்துவார்கள். ஜப்பானில் இச்சிரோ யமாஷிதா, முதலில் மட்சுஷிதா நிறுவனத்திலும் பின்னர் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலும், இந்தக் கூட்டை மின்னணுவியலுக்குக் கொண்டுவந்தார். கூடுகளைச் சிலிக்கான்மீது ஒரே அடுக்காகப் பரப்பி, புரதத்தை வெப்பத்தாலோ புறஊதா ஒளியும் ஓசோனும் சேர்ந்தோ எரித்து நீக்கினால், இரும்பு ஆக்சைடு மணிகள் மட்டும் மிஞ்சும். எல்லாம் ஒரே அளவு. புரதக் கூடு நடுவே இருந்த காரணத்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும்.

தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் செய்ஜி சமுகாவா அந்த மணிகளை மறைப்பாக வைத்துச் சிலிக்கானை அரிக்க முன்வந்தார். வழக்கமான பிளாஸ்மாவில் மின்னேற்றத் துகள்களும் புறஊதா ஒளியும் இருக்கும். இவ்வளவு சிறிய அமைப்பை அவை சிதைத்துவிடும். அதனால் மின்னேற்றம் நீக்கிய குளோரின் கற்றையை அவர் பயன்படுத்தினார். மணியின் கீழே மட்டும் சிலிக்கான் தப்பியது. 7 நானோமீட்டர் அகலத் தூண்கள் எழுந்து நின்ற படங்கள் 2004இல் வெளியாயின. எலெக்ட்ரான் கற்றைக்கும் சவாலான அந்த அளவை, இரும்பைச் சேமிக்கப் பரிணமித்த ஒரு புரதம் நிர்ணயித்துக் கொடுத்தது. இதே மணிகளை டிரான்சிஸ்டருக்குள் புதைத்து, மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் நினைவகமாகவும் யமாஷிதாவோடு பணியாற்றியவர்கள் இயக்கிக் காட்டினார்கள்.

இங்கே இன்னொரு தடையும் எழுகிறது. புரதம் வாழ்வது உப்புநீரில். சிப் தொழிலுக்கோ உப்பு நஞ்சு. 1960களில் ஆக்சைடு அடுக்கில் புகுந்த சோடியம் அயனிகள் அங்குமிங்கும் நகர்ந்து டிரான்சிஸ்டர்களை நிலைகுலையச் செய்தன. அதைக் கண்டுபிடித்துத் தடுத்த பிறகே அந்தத் தொழில் நிமிர்ந்தது. அப்படிப்பட்ட தூய்மை அறைக்குள் பாக்டீரியாவும் குதிரையின் புரதமும் நுழைய வேண்டுமென்றால், கடைசி அயனிவரை கழுவித் தர வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் பளிச்சென்ற படங்களில் இது தெரியாது. ஆனால் ஆய்வகத்தின் உழைப்பில் பெரும்பகுதியை இதுவே தின்கிறது.

வைரஸையும் விட்டுவைக்கவில்லை. புகையிலைத் தேமல் வைரஸ் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் கொண்ட குச்சி. நடுவே 4 நானோமீட்டர் குழல். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கல்வரும் ரெஸா கோத்ஸியும் அதன் உறைப் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தார்கள். சிஸ்டீனில் இருக்கும் கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். வைரஸ்கள் தங்கப் பரப்பில் நிமிர்ந்து நின்றன. அவற்றின்மேல் நிக்கல் பூசியபோது ஒரு காடே உருவானது. பேட்டரியின் மின்முனைக்கு அத்தகைய பரப்பு பெரும் பேறு, ஏனென்றால் அங்கே வேலை நடப்பது மேற்பரப்பில்தான். ஒவ்வொரு குச்சியும் எங்கே நிற்கிறது என்ற கணக்கும் அங்கே தேவைப்படவில்லை. முகவரி கேட்காத பயன்களை நோக்கி உயிர் வார்ப்புருக்கள் முதலில் நகர்ந்ததில் ஆச்சரியமில்லை.

முகவரிக் கேள்விக்கு நேரடியான விடை டி.என்.ஏ.விலிருந்து வந்தது. 1980இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் நெட் சீமன் என்ற படிகவியலாளர் புரதங்களைப் படிகமாக்கத் திணறிக்கொண்டிருந்தார். எம்.சி. எஷரின் மரச்செதுக்கு ஓவியம் ஒன்றில் மீன்கள் முப்பரிமாணத்தில் அணிவகுத்து நிற்பது அவர் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மீனும் ஆறு கைகள் கொண்ட டி.என்.ஏ. சந்திப்பாக இருந்தால்? ஒட்டும் முனைகளின் எழுத்து வரிசையை நாமே எழுதினால், எது எதோடு சேரும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாமே? 1982இல் அந்த யோசனை அச்சேறியது. அதைச் செயல்படுத்தவே பல ஆண்டுகள் பிடித்தன.

2006இல் கால்டெக்கின் பால் ராத்மண்ட் அதை எளிதாக்கினார். எம்13 என்ற வைரஸின் ஒற்றை இழை டி.என்.ஏ., 7,000 எழுத்துகளுக்கு மேல் நீளமானது. அதை விரும்பிய வடிவில் மடக்கிப் பிடிக்க இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளைக் கணினியில் வடிவமைத்தார். எல்லாவற்றையும் உப்புக் கரைசலில் கலந்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்தார். நட்சத்திரங்கள், முக்கோணங்கள், சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள சிரித்த முகங்கள் கோடிக்கணக்கில் குழாயில் மிதந்தன. எஸ் அடுக்கில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோலவே இருக்கும். இங்கே ஒவ்வொரு குட்டி இழைக்கும் தனி வரிசை இருப்பதால், வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனித்து அடையாளம் காணத்தக்கது. ஏறக்குறைய 6 நானோமீட்டருக்கு ஒரு முகவரி.

ஆனாலும் அந்த வடிவங்கள் தகட்டில் விழுந்தபோது தாறுமாறாகத்தான் விழுந்தன. வடிவத்துக்குள் முகவரி உண்டு. வடிவத்துக்கே முகவரி இல்லை. ராத்மண்ட் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வகத்தோடு கைகோத்தார். எலெக்ட்ரான் கற்றையால் தகட்டில் முக்கோணத் திட்டுகளை வரைந்து, அந்தத் திட்டுகளை மட்டும் டி.என்.ஏ. ஒட்டும்படி பதப்படுத்தினார்கள். திட்டின் அளவும் டி.என்.ஏ. முக்கோணத்தின் அளவும் ஒன்றே. மெக்னீசியம் உப்பு நிறைந்த கரைசலை ஊற்றியதும் முக்கோணங்கள் தமக்கான திட்டுகளைத் தேடி அமர்ந்தன. 70 முதல் 95 விழுக்காடு திட்டுகளில் தலா ஒரு முக்கோணம், சரியான திசையில், பத்து முதல் இருபது டிகிரி பிசகுக்குள். 2009இல் இது வெளியானது. துறையின் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கருவி பெரிய அளவில் இடம் குறிக்கிறது. மூலக்கூறு சிறிய அளவில் நுட்பம் சேர்க்கிறது. இரண்டில் ஒன்று மற்றதை வெல்ல வேண்டும் என்ற பழைய போட்டி அங்கே தேவையற்றுப் போனது.

வைத்த வடிவத்தைத் தகட்டிலேயே பொறிக்கவும் வழி கிடைத்தது. டி.என்.ஏ. மென்மையானது, அயனிக் கற்றை பட்டால் தாங்காது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைதாவோ லியூவின் குழு 2011இல் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆவியைப் பயன்படுத்தியது. சிலிக்கான் டை ஆக்சைடை அந்த ஆவி அரிப்பதற்குச் சிறிது நீர் வேண்டும். டி.என்.ஏ. இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒட்டும் நீரின் அளவு வேறு. ஆகவே காற்றின் ஈரப்பதத்தை மாற்றினாலே போதும்: ஒரு நிலையில் டி.என்.ஏ.வின் அடியில் பள்ளம் விழும், இன்னொரு நிலையில் மேடு நிற்கும். ஒற்றை மூலக்கூறின் நிழல் கண்ணாடியில் பதிகிறது.

2016இல் அஷ்வின் கோபிநாத்தும் ராத்மண்டும் கால்டெக்கில் இந்த இடம் வைக்கும் கலையை ஒளியியலுக்குக் கொண்டுசென்றார்கள். ஒளியைச் சிறைப்பிடிக்கும் நுண்குழிகள் 65,536. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளிரும் சாயம் கட்டிய டி.என்.ஏ. வடிவங்களை, பூஜ்யம் முதல் ஏழு வரை, எண்ணி வைத்தார்கள். அதிகம் வைத்த குழி அதிகம் ஒளிர்ந்தது. அந்த எட்டுப் படிநிலைகளைக் கொண்டு வான்கோவின் விண்மீன் நிறைந்த இரவு ஓவியத்தை மீண்டும் வரைந்தார்கள். பார்வைக்கு விருந்து என்பதைத் தாண்டி, மூலக்கூறுகளை எண்ணிக்கை தவறாமல், குறித்த இடத்தில் வைக்க முடியும் என்பதற்கு அந்தப் படமே ஆதாரமாக நின்றது.

கடைசியாகப் பழைய உப்புப் பிரச்சினை. கார்பன் நானோகுழாய்களை நெருக்கமாக, இணையாக அடுக்கினால் சிலிக்கானைவிட வேகமான டிரான்சிஸ்டர்கள் செய்யலாம் என்று நெடுநாளாக எதிர்பார்ப்பு இருக்கிறது. சீனாவிலும் ஹார்வர்டில் பெங் யின்னின் ஆய்வகத்திலும் பணியாற்றியவர்கள் டி.என்.ஏ.வால் வாய்க்கால்களைக் கட்டி, ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு குழாயைக் கிடத்தினார்கள். 10.4 நானோமீட்டர் வரை நெருக்கமான இடைவெளி. திசைப் பிசகு 2 டிகிரிக்கும் கீழே. ஆனால் டி.என்.ஏ.வும் அதோடு வந்த உலோக அயனிகளும் தங்கிவிட்டால் டிரான்சிஸ்டர் மந்தமாகிவிடும். கழுவினால் குழாய்கள் இடம் பெயர்ந்துவிடும். 2020இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் அதற்கு விடை இருந்தது. குழாய்களின் இரு முனைகளையும் முதலில் உலோகப் பட்டைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள், அதன்பின் டி.என்.ஏ.வையும் உப்பையும் கழுவி எடுத்தார்கள். முன்பு உயிர் வார்ப்புருவில் செய்த டிரான்சிஸ்டர்களோடு ஒப்பிடும்போது இவற்றின் மின்கடத்தும் திறன் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது.